கைக்கூலி என்ற கட்டம்

நமது விவாகப் பதிவில் மஹருக்கு ஓர் இடம் இருக்கிறது, கைக்கூலிக்கும் ஓர் இடம் இருக்கிறது. மஹர் எவ்வளவு என்று பதிவாளர் கேட்டால் சபை சத்தமாகப் பதில் சொல்லும். கைக்கூலி என்று கேட்டதும் ஓர் அமைதி வரும். "அப்பிடி ஒண்டும் இல்ல, கோடு போடுங்க" என்று பெண்ணின் வாப்பா மெதுவாகச் சொல்வார். நான் போன காவின் வைபவங்களில் இதைப் பல தடவை கண்டிருக்கிறேன். காசு ஏற்கெனவே கைமாறியது சபையில் பாதிப் பேருக்குத் தெரிந்தும் இருக்கும்.

இந்தக் கோடு யாரைப் பாதிக்கிறது என்பதைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். இன்று பத்திரிகையில் கைக்கூலி என்றால் அந்நியனுக்கு விலைபோனவன் என்று அர்த்தம். நமது வழக்கில் அது வேறு. மாப்பிள்ளையின் கையில் பெண் வீட்டார் கொடுக்கும் பணம்தான் கைக்கூலி. தென்னிந்திய முஸ்லிம்களிடமும் இந்தச் சொல் வழங்கியது. இலங்கையில் அது சட்டத்துக்குள்ளேயே வந்துவிட்டது. 1951 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் கைக்கூலிக்கு வரைவிலக்கணம் தருகிறது. விவாகத்துக்கு முன்னரோ விவாகத்தின்போதோ பெண்ணின் உறவினரோ வேறு எவருமோ மாப்பிள்ளைக்குக் கொடுத்த, அல்லது கொடுப்பதாக வாக்களித்த பணமும் அசையும் பொருட்களும் கைக்கூலி ஆகும் என்பது அதன் சாரம். அதற்குள் ஒரு சிறு தொடர் இருக்கிறது: மணமகளின் உபயோகத்துக்காக.

எல்லாம் அந்தத் தொடரில்தான் தங்கியிருக்கிறது. கொடுபடுவது மாப்பிள்ளையின் கையில். ஆனால் காசு அவருடையதல்ல. நான் வாசித்து விளங்கிய அளவில் அது அவரிடம் உள்ள அமானிதம் போன்றது. பெண் அதைத் திருப்பிக் கேட்டுக் காதி நீதிமன்றத்துக்குப் போகலாம். மாப்பிள்ளைக்கு விலை கொடுக்கும் வழக்கத்தைச் சட்டம் இல்லாமல் ஆக்கவில்லை. நடக்கிற கொடுக்கல் வாங்கலைப் பெண்ணின் பக்கம் திருப்பிவிடப் பார்த்தது. அது நல்ல வழியா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். எனக்கும் முழுத் திருப்தி இல்லை. ஆனால் வழி என்று ஒன்று இருக்கிறது.

மார்க்கத்தின் பக்கம் இருந்து பார்த்தால் விஷயம் தெளிவு. சூரா அன்னிஸாவின் 4 ஆவது வசனம் மஹரை ஆண் பெண்ணுக்குக் கொடுக்க வேண்டிய ஒன்றாக ஆக்குகிறது. பெண் வீட்டார் ஆணுக்குக் கொடுக்க வேண்டும் என்று எங்கும் இல்லை. கடந்த சில தசாப்தங்களாக மிம்பர்களிலும் இளைஞர் கூட்டங்களிலும் சீதனம் கூடாது என்று பேசப்பட்டு வருகிறது. அதனால் நன்மை நடந்திருக்கிறது. ஒரு சதமும் வாங்காமல் கலியாணம் முடித்த பொடியன்மாரை எனக்குத் தெரியும்.

இன்னொன்றும் நடந்திருக்கிறது. வாங்குவது வெட்கமாகிவிட்டது, ஆனால் எல்லா இடத்திலும் நின்றுவிடவில்லை. பெயர்தான் மாறியது. "நாங்க ஒண்டும் கேக்கல்ல, நீங்க உங்கட புள்ளக்கிச் செய்றதச் செய்ங்க" என்பது இன்றைய வசனம். அன்பளிப்பு என்கிறார்கள், கடை போட உதவி என்கிறார்கள். வெட்கப்பட்டு ஒளித்த பொருள் புத்தகத்தில் ஏறாது. முன்பெல்லாம் வெட்கமில்லாமல் வாங்கினார்கள். அதனால் வெட்கமில்லாமல் எழுதவும் செய்தார்கள். பழைய காவின் பிரதிகள் சிலவற்றில் தொகை முத்து முத்தான எழுத்தில் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். மார்க்க உணர்வு கூடிய காலத்தில் பெண்ணின் ஆதாரம் குறைந்துபோனது என்பது கசப்பான விஷயம்தான், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

எங்கள் உறவில் ஒரு ராத்தாவுக்கு நடந்தது இது. மூன்று இலட்சம் கொடுத்துக் கலியாணம் முடித்தார்கள். அந்த நாளில் அது ஒரு சின்ன வளவின் விலை. ஏழு வருடத்தில் தலாக். காதியாரிடம் போனபோது கைக்கூலிக் கட்டத்தில் ஒரு கோடுதான் இருந்தது. புத்தகத்தில் இல்லையென்றால் கேட்கவே முடியாது என்றில்லை. ஆனால் சாட்சி தேட வேண்டும். காசு கொடுத்த வாப்பா மௌத்தாகி இருந்தார். கூடப்போன சாச்சா "பழைய கதைய ஏன் கிண்டுற" என்று ஒதுங்கிக்கொண்டார். வாங்கியவர் தரப்பு சொன்ன பதில் ஒரே வரி: "சீதனம் ஹராம் எண்டு நாங்க வாங்கவே இல்ல."

கிழக்கு மாகாணத்து வாசகர்கள் "எங்கட வழக்கம் வேற" என்பார்கள். உண்மைதான். அங்கே பிரதானம் காசு அல்ல, வீடு. மகளுக்கு வீடு கட்டிக் கொடுப்பார்கள், மாப்பிள்ளை அங்கே வந்து இருப்பார். அக்கரைப்பற்றில் நீண்ட காலம் ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே தாய்வழிக் குடி முறையோடு இதையும் விரிவாக எழுதியிருக்கிறார். உம்மா பக்கத்தில், ராத்தா தங்கச்சிமார் அடுத்தடுத்த வளவில் என்று ஒரு பெண் வாழும்போது அவளை யாரும் இலேசில் வீட்டைவிட்டு வெளியேற்ற முடியாது. மார்க்கம் கட்டளையிடாத இந்த ஊர் வழக்கம் பெண்ணுக்கு நிழலாக இருந்திருக்கிறது. மற்றப் பக்கத்தில், நாலு மகள்மாரைப் பெற்ற வாப்பா கட்டார், சவூதி என்று உழைத்துச் சாகிறார்; நாநாமார் தங்கள் கலியாணத்தைத் தள்ளிப்போடுகிறார்கள். இரண்டையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

ஆனால் வீட்டிலும் பிரச்சினை எழுத்தில்தான் வந்து நிற்கிறது. வீடும் வளவும் அசையாச் சொத்து. கைக்கூலி வரைவிலக்கணத்துக்குள் அவை வராது. அவற்றுக்கு நொத்தாரிசு எழுதிய உறுதி வேண்டும். "வீடு அவளுக்குத்தான், ஊருக்கே தெரியும்" என்று உறுதி முடிக்காமல் விட்ட குடும்பங்கள் நிறைய. 2004 சுனாமி அந்த ஊர்ச்சாட்சியம் எவ்வளவு பலவீனமானது என்று காட்டியது. கரையோரத்தில் பெண்களின் சீதன வீடுகள் அள்ளுண்டு போயின. பின்னர் கட்டிக் கொடுக்கப்பட்ட வீடுகளில் பல "குடும்பத் தலைவர்" என்ற பெயரில் கணவன்மாருக்கு எழுதப்பட்டன. உம்மாவிடமிருந்து மகளுக்கு வந்த சொத்து ஒரு படிவத்தில் கைமாறிப் போனது.

சட்டத் திருத்தம் பற்றிப் பல வருடமாகப் பேசுகிறோம். 2009 இல் நீதியரசர் ஸலீம் மர்சூப் தலைமையில் நியமிக்கப்பட்ட குழு 2018 ஜனவரியில்தான் அறிக்கை கொடுத்தது. வயது, பலதார மணம், காதிப் பதவி என்று வாதம் சூடாக நடந்தது. எல்லாம் வேண்டிய விடயங்கள்தான். கைக்கூலிக் கட்டத்தைப் பற்றி ஊரில் ஒருவரும் பேச நான் கேட்கவில்லை. 1951 சட்டம் மணமகளின் கையெழுத்தைக் கேட்கவில்லை. வலீயின் கையெழுத்தே போதும் என்று வைத்தது. ஆகவே அந்தக் கோடு விழும்போது அதைப் பார்க்கக்கூடிய ஒரே ஆளான மணமகள் சபையில் இருப்பதில்லை.

கொடுக்காமல் முடியுமானால் கொடுக்க வேண்டாம். கொடுத்திருந்தால் எழுதுங்கள். எழுதினால் மாப்பிள்ளை வீட்டார் கோபிப்பார்கள் என்று பயப்படுகிறோம். எழுதக் கூசுகிற காசை வாங்கக் கூசவில்லையே என்று கேட்க ஒரு மாமா சபையில் இருந்தால் போதும். காவின் அன்று, சாப்பாட்டுச் சஹன் வரிசையாகக் காத்திருக்கும்போது இந்தப் பேச்சை எடுக்க முடியாது. இரண்டு மூன்று நாளைக்கு முன்பே பதிவாளரிடம் போய்த் தொகையைச் சொல்லுங்கள். மகளுக்குக் கட்டத்தைக் காட்டுங்கள். பதிவுப் பிரதியை வாங்கி அவளுடைய உறுதிகளோடு அவளுடைய பெட்டியிலேயே வைக்கச் சொல்லுங்கள்.