தோளில் பதவிப் பட்டை, நெஞ்சில் வேதம்

கேம்பல் பே: 1969 முதல் முன்னாள் ராணுவத்தினர் குடியேற்றப்பட்ட ஊர் இது. இங்கே பட்டாளத்துக் குடும்பங்கள் எல்லாம் தர்மகுருவை அறியும். பண்டிதரோ, கிரந்தியோ, மௌல்வியோ, பாதிரியாரோ, அவர் நாயப் சுபேதார் பதவியில் ராணுவத்தில் சேர்கிறார். ஈமச்சடங்கு நடத்துவது, ஆஸ்பத்திரி நோயாளிக்கு ஆறுதல் கூறுவது, தண்டனை பெற்ற சிப்பாயைச் சந்திப்பது எல்லாம் அவர் பணி.

ஆண்டவனுக்கும் கர்னலுக்கும் ஒருசேர ஊழியம் செய்வது எளிதா?

சீக்கிய வீரர்கள் கொண்ட பிரிவில் பணியாற்றிய லெப்டினன்ட் சாமுவேல் கமலேசன், கிறிஸ்தவர். வீரர்களுடன் கோயிலுக்கும் குருத்வாராவுக்கும் சென்றார். கருவறைக்குள் நுழைய மட்டும் மறுத்தார். 2021-ல் பதவி நீக்கப்பட்டார். 2025 மே மாதம் டில்லி ஹைகோர்ட்டும், நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டும் அவருக்கு நிவாரணம் தர மறுத்தன. உள்ளே செல்வதில் தவறில்லை என்று ஒரு பாதிரியாரே அவருக்கு ஆலோசனை கூறியதை சுப்ரீம் கோர்ட் சுட்டிக்காட்டியது.

இதே கேள்வி சீருடை அணிந்த தர்மகுருவிடம் வந்தால் அவர் என்ன சொல்வார்? கட்டுப்பாடு குலைந்தால் படை இல்லை, உண்மைதான். ஆனால் அவர் சொல்லும் பதில் வேதத்தின் பதிலா, மேலதிகாரியின் பதிலா என்ற ஐயம் ஒருமுறை எழுந்துவிட்டால், சாவின் விளிம்பில் நிற்கும் சிப்பாய் யாரை நம்புவான்? மனதில் பட்டதை அச்சமின்றிச் சொல்லும் உரிமை தர்மகுருவுக்கு வேண்டும். அது படைக்கும் நல்லது.