முழங்கால் இணையச் சத்திரசிகிச்சையும் மறுவாழ்வுப் பயிற்சியும்: குடாநாட்டு வாழ்நிலை குறித்த சில சிந்தனைகள்

சத்திரசிகிச்சை முடிந்ததும் நோய் தீர்ந்தது என்று கருதுவது நம்மிடையே பரவலாக உள்ள மனப்பாங்காகும். முழங்கால் இணையத்தைப் பொறுத்தவரை இக்கருத்து பெருந்தீங்கு விளைப்பது. ஏனெனில் சத்திரசிகிச்சை ஓரிரு மணித்தியாலங்களில் நிறைவுறும். அதன் பின்னர் தொடரும் மறுவாழ்வுப் பயிற்சியோ பல மாதங்கள் நீள்வது. அப்பயிற்சியின் உடலியல் அடிப்படையையும், யாழ்ப்பாணக் குடாநாட்டின் வாழ்நிலையில் அது எதிர்கொள்ளும் இடர்களையும் இக்கட்டுரையில் நோக்குவோம்.

என்போடு என்பைப் பிணைக்கும் நார்க்கட்டே இணையம் எனப்படும். முழங்காலில் முதன்மையான இணையங்கள் நான்கு உள. பக்கங்களில் அமைந்தவை இரண்டு. மூட்டின் நடுவே ஒன்றையொன்று குறுக்கறுத்துச் செல்பவை இரண்டு. இவற்றுள் முன்குறுக்கிணையம், கணைக்கால் என்பு முன்னோக்கி வழுக்காமலும் மூட்டு மிகையாக முறுகாமலும் காக்கின்றது. உதைபந்தாட்டத்திலோ கபடியிலோ ஓடிய வேகத்தில் திடீரெனத் திரும்பும்போது, பிறர் மோதாமலே இது அறுந்துவிடுவதுண்டு. அறுந்த நுனிகள் தாமாக ஒன்றுசேர்வதை நம்பியிருக்க முடியாது. ஆகவே நோயாளியின் தொடைப் பின்புறத்திலிருந்தோ முழங்காற்சில்லின் கீழிருந்தோ எடுக்கப்படும் தசைநாண், அவ்விடத்தில் நாட்டப்படுகின்றது.

நாட்டப்பட்ட நாண் உடனே இணையமாகிவிடுவதில்லை. குருதியோட்டத்திலிருந்து துண்டிக்கப்பட்ட அதனுள் புதிய குருதிக்கலன்கள் வளரவேண்டும். பழைய நார்கள் கரைந்து புதியன தோன்றவேண்டும். இம்மாற்றத்தின்போது, நாட்டிய நாளில் இருந்ததைவிட அது சில வாரங்கள் வலுக்குன்றியே இருக்கும். ஆனால் அதற்குள் வீக்கம் வற்றிவிடுகின்றது, நோவும் தணிந்துவிடுகின்றது. நோவு நீங்கும் காலமும் நாண் நலிவுறும் காலமும் ஒன்றாக அமைவதே இச்சிகிச்சையின் அடிப்படை முரண்பாடு எனலாம். 'சுகம் வந்துவிட்டது' என்ற உணர்வை மட்டும் நம்பி மைதானத்துக்குத் திரும்பும் இளைஞன் இடருறுவது இதனாலேயே.

மற்றொரு சிக்கல் தசை சார்ந்தது. மூட்டு வீங்கியதும், நரம்பு வழியான தடையொன்று தொடையின் முன்புற நாற்றலைத் தசையைச் செயலிழக்கச் செய்கின்றது. நோயாளி முயன்றாலும் அத்தசை முழுமையாக இறுகாது, நாளடைவில் மெலிந்துவிடும். முன்னாளில் காலைப் பல வாரங்கள் சாந்துக்கட்டில் அசையாது வைத்தனர். அதனால் மூட்டு விறைத்தது. தசை மேலும் நலிந்தது. 1990இல் அமெரிக்க மருத்துவர் செல்போண், நிற்ஸ் என்பாருடன் வெளியிட்ட கட்டுரை, உடனடி அசைவையும் விரைவான நடையையும் வலியுறுத்தி இம்முறையை மாற்றுவதற்குத் துணைநின்றது.

இன்றைய இயன்மருத்துவம் பயிற்சியைப் படிமுறையாக அமைக்கின்றது. முதல் வாரங்களில் முழங்காலை முற்றாக நிமிர்த்துதலும், தொடைத்தசையை இறுக்கி விடுதலும், நிமிர்த்திய காலை உயர்த்துதலும் இடம்பெறும். அடுத்து ஊன்றுகோலின்றிச் சீராக நடத்தல், அரைக்குந்தல், ஒற்றைக்காலில் சமநிலை பேணல் என்பன வரும். ஓட்டமும் துள்ளலும் அவற்றுக்குப் பிந்தியவை. காலத்தைவிடத் தகுதியே அளவுகோலாகும். ஒரு படியில் தேறியவரே மறுபடிக்குச் செல்லலாம். ஆயினும் காலத்தையும் புறக்கணிக்க முடியாது. ஒன்பது மாதம் வரை விளையாட்டுக்குத் திரும்புவதைப் பிற்போடும் ஒவ்வொரு மாதமும் மீள்காய வீதத்தை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது என 2016இல் வெளியான நோர்வே ஆய்வு காட்டியது.

பயிற்சி சத்திரசிகிச்சையின் வெறும் பின்னிணைப்பன்று. சுவீடனில் 121 இளவயதினரிடையே நடத்தப்பட்டு 2010இல் வெளியான ஆய்வில், ஒரு பகுதியினர் உடனடிச் சத்திரசிகிச்சையும் பயிற்சியும் பெற்றனர். மற்றையோர் பயிற்சியுடன் தொடங்கி, தேவைப்பட்டால் மட்டும் பின்னர் சத்திரசிகிச்சை பெற்றனர். ஈராண்டுகளின் முடிவில் இரு பகுதியினரின் நிலையிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. இரண்டாம் பகுதியினரான 59 பேரில் 23 பேருக்கே அதுவரை சத்திரசிகிச்சை தேவைப்பட்டது.

இனி நமது சூழலை நோக்குவோம். மேனாட்டு வழிகாட்டிகள் மாடிப்படியையும் பயிற்சிக்கூடப் பொறிகளையும் மனத்திற்கொண்டு எழுதப்பட்டவை. நம்மவரோ நிலத்தில் சப்பாணி கட்டி அமர்பவர். குந்தியிருந்து தோட்டத்தில் களை பிடுங்குபவர். ஆழமாகக் குந்துதல் ஆரம்ப மாதங்களில் தவிர்க்கப்பட வேண்டியதே. ஆனால் அதனை இறுதிவரை மீட்டுக்கொடுக்காத சிகிச்சை இங்கு அரைகுறையானது. 1968 அளவில் ஜெய்ப்பூரில் உருவான செயற்கைக்கால், குந்தவும் வெறுங்காலோடு நடக்கவும் இடமளித்ததாலேயே நமது நாடுகளில் வேரூன்றியது. போரில் காலிழந்த குடாநாட்டு மக்கள் பலரையும் அது மீண்டும் நடக்கவைத்தது. இந்நெறி இணையச் சிகிச்சைக்கும் பொருந்தும்.

கருவிக்கும் நாம் வெளியே அலையவேண்டியதில்லை. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் குடாநாட்டின் போக்குவரத்தையே தாங்கிய துவிச்சக்கரவண்டி இதற்கு உகந்தது. முழங்கால் ஏறத்தாழ 110 பாகை மடியத் தொடங்கியபின், பின்சில்லு நிலத்தில் படாதவாறு உறுதியாகத் தாங்கிநிறுத்திய வண்டியில், இயன்மருத்துவரின் அனுமதியுடன் மிதித்துப் பழகலாம்.

ஆயினும் தீர்க்கமான தடை பொருளாதாரமே. அரச வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை இலவசம். தொழிலின்றிக் கழியும் மாதங்கள் இலவசமல்ல. வள்ளத்தைக் கடலில் தள்ளும் மீனவருக்கும், பனையேறும் சீவல் தொழிலாளிக்கும், நாட்கூலி மேசனுக்கும் காலே முதல். நெடுந்தீவிலிருந்து கடல் கடந்து யாழ். நகருக்குப் பயிற்சிக்கு வருவது ஒரு நாள் உழைப்பை இழப்பதாகும். எனவே அவர்கள் பயிற்சியை இடைநிறுத்தினால் அதனைச் சோம்பல் என்றோ அறியாமை என்றோ கூறுதல் பொருந்தாது. சத்திரசிகிச்சையை மக்களின் உரிமையாக ஏற்ற சமூகம், மறுவாழ்வுக் காலத்தையும் அவ்வாறே ஏற்றாக வேண்டும். கிராமமட்டத்தில் இயன்மருத்துவ சேவையும், தொழிலிழந்த காலத்துக்கான உதவியும் அதன் பகுதிகளாகும்.

மொழியும் இதில் அடங்கும். 1847இல் இங்கு வந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' என்ற உடலமைப்பு நூலையும் வெளியிட்டார். அம்மண்ணில் ஒரு நோயாளி தன் பயிற்சிமுறையைத் தெளிந்த தமிழில், படங்களுடன் வீட்டுக்கு எடுத்துச் செல்லக் கூடியதாயிருத்தல் வேண்டும். தனது நாண் ஏன் இன்னும் நலிந்துள்ளது என்பதை விளங்கிக்கொண்டவரே நோவற்ற காலிலும் பொறுமை காப்பார்.