பேங்க் உங்க அக்கவுண்டை மூடினா, காரணம் அரசியலா?

ஒரு நாள் பேங்க்ல இருந்து லெட்டர் வருது: உங்க அக்கவுண்டை மூடப்போறோம். ஏன்னு கேட்டா பதில் இல்லை. சம்பளம் எங்க வரும், வாடகை எப்படிப் போகும்? இன்னைக்கு எபிசோட் இதைப் பத்தித்தான்.

2023-ல பிரிட்டன்ல இது பெரிய அரசியல் சண்டையாவே மாறுச்சு. பிரெக்ஸிட்டுக்காகப் பிரசாரம் செஞ்ச நைஜல் ஃபராஜோட அக்கவுண்டை கூட்ஸ் வங்கி மூட முடிவு பண்ணுச்சு. நாட்வெஸ்ட் குழுமத்தைச் சேர்ந்த, பணக்காரங்களுக்கான வங்கி அது. அவர்கிட்ட போதுமான பணம் இல்லைன்னு பிபிசி செய்தி போட்டுச்சு. ஃபராஜ் விடல. தன்னைப் பத்தி வங்கி வெச்சிருக்கிற தகவலையெல்லாம் சட்டப்படி கேட்டு வாங்கினார். அவரோட கருத்துகள் வங்கியோட மதிப்புகளோட ஒத்துப்போகலைன்னு அதுல இருந்துச்சு. பிபிசி செய்தியாளர்கிட்ட பேசினது தான்தான்னு ஒப்புக்கிட்ட நாட்வெஸ்ட் தலைவர் அலிசன் ரோஸ் பதவி விலகினாங்க. பிபிசி மன்னிப்புக் கேட்டுச்சு.

அப்போ எல்லாமே அரசியல்தானா? அங்கதான் விஷயம் மாறுது. நாட்வெஸ்ட் நியமிச்ச சட்ட நிறுவனம், முக்கியக் காரணம் வியாபாரம்தான்னு சொல்லுச்சு. நிதித்துறைக் கண்காணிப்பு அமைப்பான எஃப்சிஏ 34 நிறுவனங்கள்கிட்ட விசாரிச்சதுல, அரசியல் கருத்தை முதன்மைக் காரணமா வெச்சு மூடினதா எதுவும் தெரியல. ஆனா அந்தத் தகவலைக் கொடுத்தது வங்கிகளேதான். அதையும் மனசுல வெச்சுக்கணும்.

பெரும்பாலும் காரணம் ரெண்டு. ஒண்ணு, அக்கவுண்ட் பயன்பாட்டுல இல்லாம கிடக்கிறது. இன்னொண்ணு, கருப்புப் பணம், மோசடி பத்தின சந்தேகம். கருப்புப் பணத்தைத் தடுக்கத் தவறினதுக்காக 2021-ல இதே நாட்வெஸ்டுக்கு 26 கோடி பவுண்டுக்கு மேல அபராதம். அந்த வழக்குல குப்பைப் பையில எல்லாம் பணம் வந்து இறங்கியிருக்கு! அதனால வங்கி போடுற கணக்கு ரொம்ப எளிசு: உங்களை வெச்சிருந்தா கிடைக்கிறது கொஞ்சம், தப்பாப் போனா இழப்பு கோடிக்கணக்குல. சந்தேகப்பட்டுப் புகார் கொடுத்ததை உங்ககிட்ட சொன்னா அதுவே குற்றம். அதான் அந்த மௌனம்.

இதுல அடிபடுறது ஃபராஜ் மாதிரி ஆளுங்க மட்டும் இல்லை. வெளிநாட்டுக்கு உதவி அனுப்புற தொண்டு நிறுவனங்கள், ரொக்கத்துல நடக்கிற சின்னக் கடைங்க. இவங்களுக்காக டிவியில யாரும் பேசுறதில்லை.

பிரிட்டன்ல இருக்கிறவங்க செய்யக்கூடியது: காரணத்தை எழுத்துல கேளுங்க, உங்க டேட்டாவைக் கேளுங்க, நிதித்துறைக் குறைதீர்ப்பாளர்கிட்ட போங்க. ஃபராஜ் கையில எடுத்த அந்தச் சட்ட உரிமை உங்களுக்கும் இருக்கு.