அக்ரிலிக் குஞ்சுப் பெட்டி: வீட்டிலேயே செய்யலாம், பழுதும் பார்க்கலாம்

வண்ண மீன் வளர்ப்பு சிறிய இடத்தில் செய்யக்கூடிய நல்ல உபதொழில். திருச்சி, ஸ்ரீரங்கம் போன்ற ஊர்களில் தோட்டம் போட இடமில்லாத வீட்டிலும், கொல்லைப்புறத்திலோ மொட்டை மாடி நிழலிலோ நான்கு தொட்டிகள் வைக்க இடம் இருக்கும். புதிதாகத் தொடங்குவோர் பெரும்பாலும் கப்பி, மோலி, பிளாட்டி, வாள்வால் ஆகிய குட்டி ஈனும் இனங்களையே தேர்ந்தெடுக்கின்றனர். இவற்றை வளர்ப்பது எளிது, இனப்பெருக்கமும் விரைவு. கப்பி மீன் சுமார் 4 வாரங்களுக்கு ஒருமுறை, ஒரு தடவைக்கு 20 முதல் 50 குட்டிகள் வரை ஈனும்.

ஆனால் ஈன்ற தாயே தன் குட்டிகளைத் தின்றுவிடும். இரவில் ஈன்றால், விடிவதற்குள் பாதிக்கு மேல் காணாமல் போவதுண்டு. இந்த இழப்பைத் தடுக்க உதவுவதே குஞ்சுப் பெட்டி. அக்ரிலிக் தகடு கொண்டு இதனை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். செய்முறையில் கடினமான பகுதி வெட்டுவதன்று, ஒட்டுவதே. ஒட்டு சரியாக அமையாத பெட்டி, இல்லாத பெட்டியைவிட அதிக நஷ்டத்தைத் தரும்.

அக்ரிலிக்கின் தன்மை

அக்ரிலிக் 1930-களில் விற்பனைக்கு வந்த ஒருவகைத் தெளிந்த பிளாஸ்டிக். கண்ணாடியின் எடையில் ஏறக்குறைய பாதியே இருக்கும். கீழே விழுந்தால் எளிதில் நொறுங்காது. அறுக்கலாம், துளைக்கலாம், சூடேற்றி வளைக்கலாம். விளம்பரப் பலகை செய்யும் கடைகளில் மீதமாகும் துண்டுகள் குறைந்த விலைக்குக் கிடைக்கும். சிறு கருவிகளுக்கு அவையே போதும்.

குறைகளும் உண்டு. எளிதில் கீறல் விழும். சூட்டில் கண்ணாடியைவிட ஏறத்தாழ 8 மடங்கு விரியும். 1 மீட்டர் நீளத் தகடு, வெப்பம் 20 டிகிரி உயர்ந்தால் சுமார் 1.4 மில்லிமீட்டர் நீளும். தண்ணீரையும் சிறிதளவு உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே கண்ணாடித் தொட்டிக்குள் சண்டை மீன்களைப் பிரிக்க அக்ரிலிக் தடுப்பு வைப்போர், தொட்டியின் அகலத்தைவிட 2 அல்லது 3 மில்லிமீட்டர் குறைத்தே வெட்ட வேண்டும். இறுக்கிச் செருகினால் கோடையில் தடுப்பு வளையும். அல்லது கண்ணாடி விரியும்.

பெரிய தொட்டிக்கு வேண்டாம்

வீட்டில் செய்வோர் அக்ரிலிக்கைச் சிறு கருவிகளோடு நிறுத்திக்கொள்வது நல்லது. 60 செ.மீ. நீளமுள்ள தொட்டியில் 30 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் நின்றால், அதன் முன்பக்கத் தகட்டை சுமார் 27 கிலோ எடைக்குச் சமமான விசை வெளியே தள்ளுகிறது. அதே தொட்டியில் தண்ணீரின் உயரம் 60 செ.மீ. ஆனால் விசை இரண்டு மடங்கன்று, நான்கு மடங்கு. அதாவது 108 கிலோ. இந்த விசையைத் தாங்குவது தகடு மட்டுமன்று, ஒட்டும்தான். எனவே வளர்ப்புத் தொட்டிக்குக் கண்ணாடியோ சிமெண்டோ ஏற்றது. குஞ்சுப் பெட்டி, தடுப்பு, வடிகட்டிப் பெட்டி ஆகியவற்றுக்கு அக்ரிலிக் சிறந்தது.

அளவுகள்

3 மில்லிமீட்டர் தடிமனுள்ள தகட்டில் கீழ்க்கண்ட துண்டுகளை வெட்டிக்கொள்ள வேண்டும்.

அடித்தகடு: 20 × 12 செ.மீ., ஒன்று.
நீளப் பக்கம்: 20 × 12 செ.மீ., இரண்டு.
அகலப் பக்கம்: 11.4 × 12 செ.மீ., இரண்டு.
சாய்தகடு: 19.2 × 7 செ.மீ., இரண்டு.
தாங்குபட்டி: 19 × 1 செ.மீ., இரண்டு.

நான்கு பக்கங்களும் அடித்தகட்டின் மேல் நிற்கும். அகலப் பக்கங்கள் நீளப் பக்கங்களுக்கு இடையே அமையும். ஓர் அகலப் பக்கத்தின் மேல்விளிம்பில் 4 செ.மீ. அகலம், 2 செ.மீ. ஆழத்தில் வெட்டு எடுத்து, அதில் நாக்குப்போல் ஒரு சிறு தகட்டைச் சற்றே கீழ்நோக்கிச் சரிவாக ஒட்ட வேண்டும். பெட்டியில் நிரம்பும் தண்ணீர் இவ்வழியே மீண்டும் தொட்டிக்குள் விழும்.

சாய்தகடுகள் இரண்டையும் ஏர்க்கால் முனைபோல் கீழே குவியுமாறு வைத்து, இரு முனைகளிலும் 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள சிறு துண்டை இடையில் கொடுத்து ஒட்டினால், நடுவில் 3 மில்லிமீட்டர் சந்து நிற்கும். தாங்குபட்டிகளைப் பெட்டியின் உள்ளே, அடியிலிருந்து சுமார் 7 செ.மீ. உயரத்தில் நீளப் பக்கங்களில் ஒட்டி, அவற்றின் மேல் இந்தச் சாய்தளத்தை உட்கார வைக்க வேண்டும். தாய் மேலே இருக்கும். ஈன்ற குட்டிகள் சந்து வழியே கீழே இறங்கித் தப்பும். ஈன்று முடிந்ததும் தாயைத் தொட்டிக்கு மாற்றி, சாய்தளத்தையும் எடுத்துவிட்டால், அதே பெட்டி குட்டிகளுக்கு முதல் இரண்டு வார வளர்ப்பிடமாகும்.

வெட்டுதல்

பழைய ஆக்சா பிளேடின் முனையைக் கொக்கிபோல் தீட்டிக்கொண்டால் அதுவே வெட்டும் கருவி. இரும்பு அளவுகோலை அணைத்துப் பிடித்து, ஒரே கோட்டில் தகட்டின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு ஆழம் வரும் வரை கீற வேண்டும். பிறகு மேசை விளிம்பில் கோட்டை வைத்து ஒரே அழுத்தில் முறிக்க வேண்டும். தகட்டின் மேல் ஒட்டியுள்ள காப்புத்தாளை ஒட்டும் வரை உரிக்கலாகாது.

முறித்த விளிம்பை அரத்தால் சமன் செய்து, தட்டையான கண்ணாடியின் மேல் உப்புத்தாளை விரித்து அதில் தேய்க்க வேண்டும். விளிம்பின் முனை உருண்டுவிடாமல், மூலைமட்டத்தில் வைத்தால் இடுக்கில் வெளிச்சம் தெரியாத அளவுக்கு நேராக இருக்க வேண்டும். செயற்கை வைரம் பட்டை தீட்டும் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர் திருச்சி. இத்தகைய நுணுக்கம் இவ்வூர்க் கைகளுக்குப் புதிதன்று. பளபளப்புக்காக விளிம்பை நெருப்பில் காட்டும் வழக்கமும் உண்டு. ஒட்டப் போகும் விளிம்பில் அதைச் செய்யக் கூடாது. சூட்டில் உள்ளிறுக்கம் ஏற்பட்டு, பின்னர் கரைப்பான் பட்டதும் மயிரிழை வெடிப்புகள் தோன்றும்.

ஒட்டுதல்

அக்ரிலிக்கைப் பசையால் ஒட்டுவதில்லை. குளோரோஃபார்ம் அல்லது மெத்திலீன் குளோரைடு என்ற கரைப்பான் இரு விளிம்புகளையும் கரைத்து, ஒன்றோடொன்று கலக்கச் செய்கிறது. கரைப்பான் ஆவியானதும் இரண்டும் ஒரே தகடாக உறைகின்றன. இது பற்றவைப்பைப் போன்றது. ஆகவே விளிம்புகள் முழுதும் தொட்டுக்கொண்டிருந்தால்தான் ஒட்டு பிடிக்கும். இடைவெளியைக் கரைப்பான் நிரப்பாது.

துண்டுகளை மூலைமட்டத்தில் நிறுத்தி ஒட்டுநாடாவால் பிடித்துக்கொண்டு, கண்ணாடி சிரிஞ்சில் மெல்லிய ஊசி பொருத்தி, உள்மூலை நெடுகக் கரைப்பானைச் சிறிது சிறிதாக விட வேண்டும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் அது தானாக இடுக்கில் ஓடிப் பரவும். ஒட்டு முழுதும் தெளிவாகத் தெரிந்தால் நன்று. வெண்மையான திட்டு தெரிந்தால் அங்கே பிடிக்கவில்லை என்று அறியலாம். 5 நிமிடம் அசைக்காமல் பிடித்து, குறைந்தது 48 மணி நேரம் உலரவிட வேண்டும்.

காலம் அறிந்து செய்க

மெத்திலீன் குளோரைடு சுமார் 40 டிகிரியில் கொதித்துவிடும். அக்கினி நட்சத்திர நாட்களில் திருச்சியின் பகல் வெப்பமே அந்த அளவைத் தொடுகிறது. நண்பகலில் ஒட்டினால், இடுக்கில் ஓடும் முன்பே கரைப்பான் ஆவியாகி, குமிழிகள் நிற்கும். கோடையில் விடியற்காலையே ஏற்ற நேரம். குளோரோஃபார்ம் 61 டிகிரியில்தான் கொதிக்கும் என்பதால் சற்று நிதானமாக வேலை செய்யலாம்.

ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் வேறொரு தொல்லை. கரைப்பான் ஆவியாகும்போது தகடு குளிர்கிறது. காற்றிலுள்ள ஈரம் அதில் படிந்து ஒட்டு வெளுத்துப் பலமிழக்கும். ஆடிக் காற்றில் தூசி விழும். வானம் வெளுத்த, காற்று அடங்கிய காலைப் பொழுதாகப் பார்த்து ஒட்டுவதே சிறந்தது.

எச்சரிக்கை

குளோரோஃபார்ம் 1847-ல் மயக்க மருந்தாக மருத்துவத்துக்கு வந்து, தீங்கு தெரிந்தபின் கைவிடப்பட்ட பொருள். ஈரலைக் கெடுக்கும். மெத்திலீன் குளோரைடு ஆவியும் நஞ்சே. மூடிய அறையில் இவற்றைக் கையாளக் கூடாது. திண்ணை அல்லது திறந்த முற்றத்தில், காற்று முகத்திலிருந்து விலகிப் போகும் திசையில் அமர்ந்து வேலை செய்ய வேண்டும். அருகில் அடுப்பு, பீடி, ஊதுவத்தி எதுவும் கூடாது. நெருப்பில் பட்ட ஆவி கொடிய விஷவாயுவாக மாறும். பழுப்பு நிறக் கண்ணாடிப் புட்டியில், பெயர் எழுதி, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். கர்ப்பிணிகள் இவ்வேலை நடக்கும் இடத்தில் இருக்கலாகாது.

காற்றால் நீரேற்றம்

ஆழ்குழாய்க் கிணற்றில் கம்ப்ரசர் போட்டு நீர் எடுப்பதை விவசாயிகள் அறிவர். குழாய்க்குள் காற்று கலந்ததும் அந்த நீர்க்கம்பம் இலேசாகி மேலே ஏறுகிறது. அதே தத்துவம் இங்கும் பயன்படும். தொட்டிக்குள் ஆழமாக நிற்கும் 1 செ.மீ. உள்விட்டமுள்ள குழாயின் அடியில் காற்றுக்குழாயைச் செருகினால், தண்ணீர் ஏறிப் பக்கத்திலுள்ள பெட்டியில் விழும். நிரம்பியதும் நாக்கு வழியே தொட்டிக்குத் திரும்பும். பெட்டியைக் கொக்கியை நம்பித் தொங்கவிட வேண்டாம். தண்ணீரோடு அதன் எடை சுமார் 3 கிலோ வரை இருக்கும். நாக்கு தொட்டியின் விளிம்புக்குச் சற்று மேலே வருமாறு, உறுதியான மரத் தாங்கியின் மேல் வைக்க வேண்டும். நாக்கின் வாயில் நைலான் வலை கட்டி, நாள்தோறும் அதைத் துடைக்க வேண்டும். வலை அடைத்துக்கொண்டால் தண்ணீர் தரையில் வழியும்.

காற்று மோட்டாரைத் தொட்டியின் நீர்மட்டத்துக்கு மேலே வைப்பது அவசியம். கீழே வைத்தால், மின்சாரம் நின்றதும் தண்ணீர் காற்றுக்குழாய் வழியே இறங்கி மோட்டாரைக் கெடுக்கும். மின்சாரம் நின்றாலும் பெட்டியில் தண்ணீர் நிற்கும். குட்டிகள் சில மணி நேரம் தாங்கும். ஒட்டு விட்டால் அப்படியன்று. இரவில் ஒரு மூலை கசிந்தால், காற்று ஏற்றும் தண்ணீரெல்லாம் தரைக்குப் போகும். தொட்டியின் மட்டம் இறங்கியதும் நீரேற்றம் தானே நின்று, பெட்டி வறண்டுவிடும். காலையில் ஓர் ஈற்றுக் குட்டிகள் அனைத்தும் மடிந்து கிடக்கும்.

எனவே மீனை விடுமுன் சோதனை கட்டாயம். பெட்டியைச் செய்தித்தாளின் மேல் வைத்து, விளிம்பு வரை நீர் நிரப்பி ஓர் இரவு விட வேண்டும். தாளில் சிறு ஈரத் திட்டும் கசிவைக் காட்டிக் கொடுக்கும். கசியாவிட்டாலும் மேலும் 2 நாள் நீர் மாற்றி மாற்றி ஊறவைத்து, கரைப்பான் வாசனை அறவே நீங்கிய பின்பே மீன் விடலாம்.

பழுது பார்த்தல்

கசியும் பெட்டியை உடனே ஒட்ட முனைவது பொதுவான தவறு. ஈரத்தில் கரைப்பான் பிடிக்காது. கசியும் இடத்தை வெளிப்புறம் குறித்துக்கொண்டு, கழுவி, நிழலில் 2 நாள் உலர்த்த வேண்டும். மெல்லிய கசிவாயின் சிரிஞ்சால் கரைப்பானை மீண்டும் ஓடவிட்டாலே போதும். இடைவெளி தெரிந்தால், அக்ரிலிக் சீவல்களைக் குளோரோஃபார்மில் ஊறவைத்துத் தேன் பதத்துக்குக் கரைத்து, உள்மூலையில் பூசலாம். சிலிகோன் கண்ணாடியில் நன்றாகப் பிடிக்கும். அக்ரிலிக்கில் நாளடைவில் உரிந்துவிடும்.

தகட்டில் விரிசல் ஓடினால், அதன் முனையில் 2 மில்லிமீட்டர் துளை இட்டால் மேலும் ஓடாது. பிறகு விரிசலையும் துளையையும் மூடி, எல்லாப் பக்கமும் 2 செ.மீ. கூடுதலாக வரும்படி அதே தடிமனுள்ள ஒட்டுத் தகட்டை உட்புறம் ஒட்ட வேண்டும். கீறல்களை நனைத்த எமரித் தாளில், சொரசொரப்பிலிருந்து நைசுக்கு வரிசையாகத் தேய்த்து, முடிவில் பற்பசை தடவிப் பஞ்சால் மெருகேற்றலாம்.

ஸ்பிரிட், தின்னர், பெட்ரோல் ஆகியவற்றால் அக்ரிலிக்கைத் துடைக்கவே கூடாது. தகடு முழுதும் மயிரிழை வெடிப்பு விழும், அதற்கு மருந்தில்லை. தேங்காய் நாரும் கொதிநீரும் ஆகா. பருத்தித் துணியும் சாதாரண நீருமே போதும்.

காலியான பெட்டியை வெயிலில் காயவிடுவதும் தவறு. ஊறிய தகடு ஒருபுறம் விரைந்து காய்ந்தால் வளைந்து ஒட்டை இழுக்கும். ஜெர்மனியின் பெர்லின் நகரில் ஒரு ஹோட்டலில் இருந்த 10 லட்சம் லிட்டர் கொள்ளளவுள்ள அக்ரிலிக் மீன் தொட்டி 16-12-2022 அன்று விடியற்காலையில் வெடித்துச் சிதறியது. அதிலிருந்த சுமார் 1,500 மீன்களில் பெரும்பாலானவை மடிந்தன. காரணம் இதுதான் என்று திட்டவட்டமாக நிறுவ முடியவில்லை. ஆராய்ந்த வல்லுநர்கள் கூறிய வாய்ப்புகளில், ஒட்டு விட்டுப்போனதும், புதுப்பிப்பு வேலையின்போது தொட்டி காலியாக இருந்து உலர்ந்ததும் இடம்பெற்றன. பெரிய தொட்டிக்கும் சிறிய பெட்டிக்கும் கவனிக்க வேண்டியவை ஒன்றே.

ஆண்டுக்கு ஒருமுறை, கோடை தொடங்குமுன், எல்லாப் பெட்டிகளையும் செய்தித்தாள் சோதனைக்கு உட்படுத்துவது நல்லது. ஓர் இரவும் ஒரு தாளும் போதும். ஓர் ஈற்றுக் குட்டிகளைக் காப்பாற்றும். வண்ண மீன் வளர்ப்பில் புதிதாக இறங்க விரும்புவோர், மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தை அணுகி ஆலோசனை பெற்றுப் பயனடையலாம்.