சுட்ட பழமா, சுடாத பழமா?

ஔவைப் பாட்டியிடம் முருகன் கேட்ட கேள்வி நம்ம எல்லாருக்கும் தெரியும். அந்தக் கேள்விக்குத் தப்பா பதில் சொல்லித்தான் எங்க ஃபைனல் இயர் பிராஜெக்ட்டின் முதல் பேட்ச் ஊத்திக்கிச்சு!

ஆனி, ஆடியில் காலேஜ் கேட் பக்கம் நாவல் பழம் விற்கும் பாட்டியைப் பார்த்திருப்பீங்க. பழுத்த நாவல் ஒன்றிரண்டு நாளுக்கு மேல் தாங்காது. சாயங்காலம் மிஞ்சுவது பாதி விலைக்கு, இல்லைன்னா குப்பைக்கு. இதை ஃப்ரிட்ஜ் இல்லாமலே சில மாதம் கெடாத பானமா மாற்ற முடியுமா என்பதுதான் எங்க பிராஜெக்ட்.

முதல் பேட்ச்சில், ஹெல்தியா இருக்கட்டும்னு சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டி போட்டோம். கொதிக்க வைத்து, நல்லா ஆற வைத்து, பாட்டிலில் ஊற்றினோம். ஐந்தாம் நாள் மூடியைத் திறந்தால் புஸ்ஸுன்னு நுரை. நாங்க செய்த தப்பு இரண்டு.

முதல் தப்பு, ஆற வைத்தது. சாறில் இருந்த ஈஸ்ட் செத்தாலும், பாட்டிலிலும் மூடியிலும் காற்றிலும் இருக்கும் ஈஸ்ட் மறுபடி உள்ளே போயிடும். 85 முதல் 90 டிகிரி செல்சியஸ் சூட்டிலேயே கண்ணாடி பாட்டிலில் நிரப்பி, மூடி, சில நிமிஷம் கவிழ்த்து வைக்கணும். அந்தச் சூடே மூடியின் உள்பக்கத்தையும் சுத்தம் செய்யும். அதாவது, பழம் சுட்ட பழமாகவே பாட்டிலுக்குள் போகணும். சாதாரண தண்ணி பாட்டில் இந்தச் சூட்டில் சுருங்கிடும்.

இரண்டாவது தப்புதான் ஆபத்தானது: புளிப்பைக் கவனிக்காதது. போட்யூலிசம் என்ற உயிர்க்கொல்லி நோயைத் தரும் நச்சை உண்டாக்கும் பாக்டீரியாவின் வித்துகள் 100 டிகிரியில் கொதிக்க வைத்தாலும் சாகாது. அதற்கு அழுத்தத்தில் 121 டிகிரி வேணும். ஆனா பி.ஹெச். 4.6-க்குக் கீழே இருந்தால் அவை முளைக்காது. நாவல் புளிப்புப் பழம்தான். ஆனால் ரெடி டு சர்வ் பானத்தில் சாறு குறைந்தது 10 சதவீதம் இருந்தால் போதும், மீதி பெரும்பாலும் தண்ணி. புளிப்பு நீர்த்துப்போகும். இதில் கருப்பட்டி வேற! பதநீர் இறக்கும் கலயத்தில் சுண்ணாம்பு தடவுவாங்க இல்லையா, அது புளிப்பை இன்னும் குறைக்கும். எங்க மீட்டர் 4.8 காட்டியது. நுரை வந்ததால் நாங்க குடிக்காமல் தப்பித்தோம். அந்த நச்சு இருந்தால் நுரை, நாற்றம்னு ஏதாவது அடையாளம் கட்டாயம் தெரியும்னு சொல்லவே முடியாது.

அடுத்த பேட்ச்சில் எலுமிச்சைச் சாறு சேர்த்து 3.8-க்குக் கொண்டு வந்தோம். மங்கிக் கிடந்த நிறம் பளிச்சுன்னு சிவந்தது! நாவலின் நிறமி ஆந்தோசயனின். புளிப்பில் சிவக்கும், புளிப்பு குறைந்தால் நீலம் தட்டும். ஆனா நிறத்தை மட்டும் நம்பாதீங்க, மீட்டரில் அளந்து பாருங்க. சாறின் நிறம் ஏறுவதால் பி.ஹெச். தாள் சரியா காட்டாது.

ஆந்தோசயனினுக்குச் சூடும் வெளிச்சமும் ஆகாது. அதனால் நிரப்பிய பாட்டிலைச் சீக்கிரம் குளிர வைத்து, இருட்டில் வைக்கணும்.

கடைசியா ஒன்று. நாவல்னாலே சுகருக்கு நல்லதுன்னு சொல்வாங்க. ஆனா 100 மில்லிக்கு 10 கிராம் சர்க்கரை போட்டால், ஒரு 200 மில்லி பாட்டிலில் 20 கிராம். கருப்பட்டியும் சர்க்கரைதான். அதனால் எங்க லேபிளில் 'சர்க்கரை நோய்க்கு நல்லது'ன்னு எழுதலை, சர்க்கரை எத்தனை கிராம்னுதான் எழுதினோம்.

அடுத்த ஆனியில், பாட்டியிடம் சாயங்காலம் மிஞ்சும் பழத்தை முழு விலைக்கு வாங்கணும். ஜூனியர்ஸ், மீட்டர் லேபில்தான் இருக்கு.