தும்பாவும் பறையும்

புதுச்சேரியில் கல்யாண வரவேற்புகளில் வாசிக்கும் மெல்லிசைக் குழுவினர், பீப்பாய் போல உயரமாக நிற்கும் கைமுழவைத் 'தும்பா' என்பார்கள். நம்மூர்ச் சொல் என்றே நெடுநாள் நினைத்திருந்தேன். அது கியூபா நாட்டுச் சொல். அங்கே முழுப்பெயர் தும்பதோரா.

ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களின் தோற்கருவி மரபிலிருந்து கியூபாவில் பிறந்தவை தும்பாவும், முழங்கால்களுக்கு நடுவே வைத்து வாசிக்கும் இரட்டைப் பாங்கோவும். 1940-இல் நியூயார்க்கில் தொடங்கிய மச்சித்தோவின் குழு, இந்தத் தாளங்களை ஜாஸ் இசையின் டிரம்பெட், சாக்சபோனோடு சேர்த்தது. 1947-இல் கியூபக் கலைஞர் சானோ போசோ, டிஸி கில்லெஸ்பியின் ஜாஸ் குழுவில் தும்பா வாசித்தார். மறு ஆண்டே சுட்டுக் கொல்லப்பட்டார். ஆனால் அந்த ஓசை நிற்கவில்லை. இசைத்தட்டுகளிலும் திரைப்படங்களிலும் பரவி, சென்னை ஒலிப்பதிவுக் கூடங்களுக்கும் வந்தது. 1964-இல் வெளிவந்த 'சர்வர் சுந்தரம்' படத்தின் 'அவளுக்கென்ன' பாடலில் விஸ்வநாதன் - ராமமூர்த்தி பாங்கோவை எப்படி ஓடவிட்டிருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

இதை ஏழாம் வகுப்புக் கணக்குப் பாடத்துக்குள் கொண்டுவந்தேன். கியூப இசையின் முதுகெலும்பு 'கிளாவே' என்னும் தட்டு. இரண்டு மரக்குச்சிகளை மோதி வாசிப்பது. ஒன்று முதல் 16 வரை சீராக எண்ணி, 1, 4, 7, 11, 13 ஆகிய இடங்களில் மட்டும் தட்ட வேண்டும். இடைவெளிகள் 3, 3, 4, 2, 4. முதல் எட்டில் மூன்று தட்டு, அடுத்த எட்டில் இரண்டு. பாதி வகுப்பு எண்ண, மீதிப் பாதி தட்டியது. பதினாறில் மூன்று, பதினாறில் நான்கு என்று பின்னங்களைக் கூட்டி முழு எண் ஒன்று வருவதைக் கையாலேயே கண்டுகொண்டார்கள். என் கைதான் 13-இல் ஒவ்வொரு முறையும் முந்தியது.

அந்தக் காலத்துத் தும்பாவில் திருகாணி கிடையாது, தோலை ஆணியடித்துப் பொருத்துவார்கள், ஈரக்காற்றில் தளர்ந்தால் நெருப்பில் காட்டிச் சுருதி ஏற்றுவார்கள் என்று சொன்னேன்.

கடைசிப் பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்தான். ஓயாமல் மேசையைத் தட்டுகிறான் என்று நான் பல மாதங்களாக அதட்டிவந்த பையன். "எங்கப்பாவும் பறையை அப்படித்தான் சார் காய்ச்சுவாரு" என்றான். வகுப்பு சிரித்தது. ஏன் சிரித்தது என்பது நம் எல்லோருக்கும் தெரியும்.

பாடத்தை அங்கேயே நிறுத்தினேன். கியூபாவிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கறுப்பின மக்களின் முழவுகளை இழிவென்று ஒதுக்கினார்கள், தடையும் போட்டார்கள். பிறகு அதே முழவைக் கேட்க நியூயார்க் அரங்குகளில் சீட்டு வாங்கிக் காத்திருந்தார்கள் என்றேன். சிரிப்பு அடங்கியது. எல்லோருக்கும் புரிந்ததா என்று சொல்ல முடியாது.

மறுநாள் அவன் இரண்டு பறைக்குச்சிகளோடு வந்தான். இடைவேளை முழுவதும் என் பக்கத்தில் நின்று, பதின்மூன்றாவது தட்டு எங்கே விழ வேண்டும் என்று எனக்குக் காட்டிக்கொண்டிருந்தான்.