மளிகைப் பட்டியலில் தொடங்கட்டும் மாற்றம்

வீட்டில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்ததும் நம் குடும்பங்களில் பெரும்பாலும் ஒரே காட்சிதான். அவருக்கு மட்டும் தனியாகக் கோதுமைக் கஞ்சி, தனியாக உப்புக் குறைத்த பொரியல். மற்றவர்களுக்கு வழக்கம்போலப் பூரியும் உருளைக்கிழங்கும். தட்டைப் பார்த்துப் பெருமூச்சு விட்டபடி சில வாரங்கள் தாக்குப்பிடிப்பார். அப்புறம் ஒரு கல்யாணம் வரும், ஒரு பண்டிகை வரும், அந்தத் தனிச் சமையல் நின்றுபோகும். "அவருக்கு நாக்கைக் கட்டத் தெரியவில்லை" என்று வீடே தீர்ப்புச் சொல்லிவிடும்.

தவறு அவருடைய நாக்கில் இல்லை. தேசியக் குடும்பநல ஆய்வின் 5ஆம் சுற்று (2019-21) தமிழ்நாட்டில் பெண்களில் 40.4 சதவீதத்தினரும் ஆண்களில் 37 சதவீதத்தினரும் அதிக எடையோடு இருப்பதாகச் சொல்கிறது. பத்துப் பேரில் நான்கு பேருக்கு மனவுறுதி இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ள முடியாது. ஒரே அடுப்பில் சமைத்து, ஒரே பானையில் சாப்பிட்டு, ஒரே நேரத்தில் பசியாறும் வீட்டில் பழக்கமும் எல்லோருக்கும் பொதுதான். ஆகவே மாற்றமும் எல்லோருக்கும் பொதுவாக வர வேண்டும்.

டயட் ஏன் நிலைப்பதில்லை

கலோரிக் கணக்கு சில நோயாளிகளுக்குத் தேவைப்படலாம். அது மருத்துவரும் உணவியல் நிபுணரும் முடிவு செய்ய வேண்டியது. ஒரு குடும்பத்துக்கு அது சரிப்பட்டு வராது. ஒரு கரண்டி சாம்பாரில் எத்தனை கலோரி என்று யாரால் சொல்ல முடியும்? பருப்பு கெட்டியா, தண்ணீரா, தாளிப்பில் எவ்வளவு எண்ணெய் என்பதைப் பொறுத்து அது தினமும் மாறும்.

பிள்ளைகள் இருக்கும் வீட்டில் டயட் பேச்சு கேடும் விளைவிக்கும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு 2016இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதைத் தெளிவாகச் சொன்னது: வளரிளம் பருவத்தினரை டயட் இருக்கச் சொல்லாதீர்கள், அவர்கள் எடையைப் பற்றிப் பேசாதீர்கள், குடும்பமாக உட்கார்ந்து சாப்பிடுங்கள். அந்த வயதில் டயட் இருந்தவர்களுக்குப் பின்னாளில் எடை கூடுவதும், சாப்பாட்டைக் கண்டு பயப்படுவதோ கட்டுப்பாடின்றிச் சாப்பிடுவதோ போன்ற கோளாறுகள் வருவதும் அதிகம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. விருந்துக்கு வந்த சித்தியோ மாமாவோ "என்னடி, இப்படிக் குண்டாகிட்டே?" என்று கேட்பதை நாம் அன்பு என்று நினைத்துக் கடந்துவிடுகிறோம். பதின்மூன்று வயதுப் பெண் அதை அப்படிக் கடந்துவிடுவதில்லை. அந்தப் பேச்சை வீட்டுக்குள் விடாமல் இருப்பதே முதல் வேலை.

மாதக் கணக்கு போதும்

தட்டில் எண்ணுவதை விட்டுவிட்டு மளிகைக் கடையில் எண்ணுங்கள். மாதம் ஒருமுறை பட்டியல் போடும்போது மூன்றே பொருள்களைப் பார்த்தால் போதும்: உப்பு, சர்க்கரை, எண்ணெய்.

உப்பு ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. நால்வர் உள்ள வீட்டுக்கு மாதம் 600 கிராம். அதாவது ஒரு கிலோ பாக்கெட் ஒன்றரை மாதத்துக்கு மேல் வர வேண்டும். ஊறுகாய், அப்பளம், வற்றல், கருவாடு, மிக்சர் ஆகியவற்றில் இருக்கும் உப்பும் இந்தக் கணக்கில்தான் சேரும். எனவே பாக்கெட் இன்னும் கூடுதலாகவே நீடிக்க வேண்டும்.

சர்க்கரையை நாளுக்கு 25 கிராமுக்குள் வைத்துக்கொள்வது நல்லது என்கிறார்கள். டம்ளருக்கு இரண்டு தேக்கரண்டி போட்டு மூன்று வேளை டீயோ காபியோ குடிப்பவருக்கு அந்த அளவு அதிலேயே முடிந்துவிடுகிறது. பிஸ்கட்டும் ஜூஸும் இனிப்பும் அதற்கு மேல். நாட்டுச்சர்க்கரைக்கும் வெல்லத்துக்கும் மாறிவிட்டோம் என்று பலர் நிம்மதியடைகிறார்கள். அளவைக் குறைக்காவிட்டால் அதில் பெரிய பயனில்லை. இரண்டு தேக்கரண்டியை ஒன்றரையாக்கி, இரண்டு வாரம் கழித்து ஒன்றாக்குங்கள். நாக்கு பழகிக்கொள்ளும். உப்புக்கும் இதே வழிதான். மெல்லக் குறைத்தால் வீட்டில் ஒருவரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

எண்ணெய்க்கு ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் தரும் அளவு ஒருவருக்கு நாளொன்றுக்கு 27 கிராம். நான்கு பெரியவர்களுக்கு மாதம் சுமார் மூன்றரை லிட்டர். நெய், வெண்ணெய் எல்லாம் அதற்குள் அடக்கம். வெளியில் தின்னும் வடையும் பஜ்ஜியும்கூட அந்தக் கணக்குத்தான் என்பதால் வீட்டில் வாங்குவது இதற்கும் குறைவாக இருக்க வேண்டும். இதற்கு ஒரு எளிய வழி உண்டு. எண்ணெய் பாக்கெட்டையோ கேனையோ வாணலியில் நேராகச் சரிக்காதீர்கள். ஒரு சின்னத் தூக்கில் ஊற்றி, கரண்டியால் எடுத்து விடுங்கள். கை தானாகக் குறையும்.

சோற்று மலையும் ஒரு கரண்டிப் பொரியலும்

நம் மதியத் தட்டை மனதில் கொண்டுவந்து பாருங்கள். நடுவில் சோறு, நடுவே குழி, அதில் குழம்பு. ஓரத்தில் ஒரு கரண்டிப் பொரியல். பல வீடுகளில் அந்தப் பொரியலும் உருளைக்கிழங்குதான்.

தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில் ஒரு நாள் தட்டின் அளவுகள் இருக்கின்றன. தானியம் 250 கிராம். கீரையும் காய்கறியும் 400 கிராம். பருப்பு, முட்டை, மீன், இறைச்சி வகையில் 85 கிராம். பழம் 100 கிராம். கடலை, எள் போன்ற கொட்டைகளும் விதைகளும் 35 கிராம். பால் 300 மில்லி. எல்லாம் சமைப்பதற்கு முந்தைய எடை. இதில் கவனிக்க வேண்டியது ஒன்றே: அரிசியைவிடக் காய் அதிகம். நம் வீட்டில் அது தலைகீழ்.

இந்த இடத்தில் சிறுதானியத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தினை, சாமை, வரகு எல்லாம் நல்ல தானியங்கள்தான். அரிசிச் சோற்றைவிட நார்ச்சத்து கூடுதல். ஆனால் சோறு அதே மலையாக இருக்க, அரிசியை மட்டும் எடுத்துவிட்டு வரகைப் போட்டால் சர்க்கரை கட்டுக்குள் வந்துவிடும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரமில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நீரிழிவு ஆய்வு 2025இல் வெளியிட்ட முடிவும் இதைத்தான் சொல்கிறது: நாம் உண்ணும் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது, அந்த மொத்த அளவைக் குறைக்காமல் வெள்ளை அரிசியைக் கோதுமையாகவோ சிறுதானிய மாவாகவோ மாற்றுவதால் மட்டும் ஆபத்து குறையவில்லை. குறைக்க வேண்டியது சோற்றின் அளவு. அந்த இடத்தை நிரப்ப வேண்டியது காயும் பருப்பும்.

நால்வருக்கு 400 கிராம் வீதம் காய் ஒரு நாளைக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் ஆகும். மலைக்க வேண்டாம், ஒரே நாளில் அங்கே போக வேண்டியதில்லை. அரைக் கிலோ சமைக்கும் வீடு முக்கால் கிலோவுக்கு வரட்டும். விலை கட்டுப்படியாக வேண்டும் என்றால் காலிஃபிளவரையும் புரோக்கோலியையும் விட்டுவிட்டுச் சந்தையில் கீழே குவித்திருப்பதைப் பாருங்கள்: சுரைக்காய், புடலங்காய், பூசணி, கோவைக்காய், கொத்தவரங்காய், அவரை, வாழைத்தண்டு. தெருவில் முருங்கை மரம் இருந்தால் கீரைக்குக் காசே வேண்டாம். பாசிப்பருப்பைச் சேர்த்து இவற்றில் எதைக் கூட்டு வைத்தாலும் காயும் புரதமும் ஒரே பாத்திரத்தில் வந்துவிடும்.

பரிமாறும் வரிசையும் முக்கியம். கல்யாணப் பந்தியில் இலை போட்டதும் முதலில் வருபவை பச்சடி, பொரியல், கூட்டு. சோறு அப்புறம்தான் வரும். அதே வரிசையை வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். காயையும் பருப்பையும் முதலில் சாப்பிட்டு, மாவுச்சத்தைப் பின்னால் சாப்பிட்டவர்களுக்கு, சாப்பாட்டுக்குப் பின் இரத்தச் சர்க்கரை குறைவாக ஏறியதைச் சிறிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வீட்டில் இதற்குத் தேவையானது ஒன்றுதான்: பொரியல் கிண்ணம் முதலில் வர வேண்டும், சோற்றுப் பானை ஐந்து நிமிடம் கழித்து.

இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் இந்த மாற்றங்களை மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள். சோறு குறைந்தால் மருந்தின் அளவும் மாற வேண்டியிருக்கும்.

மாலை நாலரை மணி

ஒரு வீட்டின் உணவுப் பழக்கம் கெடுவது மதியச் சாப்பாட்டில் அல்ல; பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளை வீட்டுக்குள் நுழையும் அந்த நேரத்தில். நல்ல பசி. கைக்கு எட்டுவது பிஸ்கட் டப்பா. இல்லாவிட்டால் முக்கில் இருக்கும் பேக்கரியின் பப்ஸ். அதைத் தின்றுவிட்டு எட்டு மணிக்குப் பசியில்லை என்பான், பத்து மணிக்குப் பரோட்டா கேட்பான். இந்த ஒரு வேளையைச் சரிசெய்தால் இரவுச் சாப்பாடு பாதி சரியாகிவிடும்.

அதற்கு நம்மிடம் இருக்கும் நல்ல விடை சுண்டல். நவராத்திரிக்கு மட்டும் அதை ஒதுக்கி வைத்திருப்பது வருத்தமான விஷயம். இரவு படுக்கும் முன் ஆளுக்கு ஒரு பிடி கறுப்புக் கொண்டைக்கடலையைக் கழுவி ஊறப்போடுங்கள். காலையில் அது இரண்டு மடங்காக உப்பி நிற்கும். சமையலோடு சமையலாகக் குக்கரில் கொஞ்சம் உப்புப் போட்டு ஐந்தாறு விசில் விட்டு, ஒரு கடலையை எடுத்து விரலால் நசுக்கிப் பாருங்கள். நசுங்க வேண்டும், குழையக் கூடாது. வடித்த தண்ணீரை ரசத்தில் சேர்த்துக்கொள்ளலாம். கடலையை ஆறவிட்டு மூடி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டால் மாலையில் ஐந்து நிமிட வேலை: ஒரு தேக்கரண்டி எண்ணெய், கடுகு, காய்ந்த மிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை, மேலே தேங்காய்த் துருவல், கிடைத்தால் கிளிமூக்கு மாங்காய்ச் சீவல். முப்பது கிராம் கடலையில் ஏறக்குறைய ஒரு முட்டையில் இருக்கும் அளவு புரதம், அதாவது 6 கிராம் இருக்கிறது. முட்டையில் இல்லாத நார்ச்சத்தும் உண்டு.

மறுநாள் அவித்த வேர்க்கடலை, இன்னொரு நாள் முளைகட்டிய பாசிப்பயறு, தை மாதத்தில் பனங்கிழங்கு, கொய்யா காலத்தில் கொய்யா. சலித்துப்போகாது.

பாலில் கலக்கும் 'சத்து மாவு' பானங்களையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். எந்தப் பொருள் அதிகமோ அதை முதலில் அச்சிட வேண்டும் என்பது சட்டம். முதல் இரண்டு மூன்று பெயர்களுக்குள் சர்க்கரை வந்தால் அது இனிப்பு, சத்து அல்ல. இத்தகைய பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற பிரிவில் விற்க வேண்டாம் என்று 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகமே இணைய விற்பனை நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. 'பிரவுன் பிரெட்'டையும் இப்படித் திருப்பிப் பாருங்கள். பலவற்றில் முதல் பெயர் மைதாவாகத்தான் இருக்கும்.

பிள்ளை வேண்டாம் என்றால்

எலின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியல் நிபுணர் பல ஆண்டுகளுக்கு முன் சொன்ன ஒரு பங்கீடு இன்றும் உலகெங்கும் குழந்தை மருத்துவர்கள் சொல்வது: என்ன உணவு, எப்போது, எங்கே என்பதைப் பெற்றோர் முடிவு செய்யட்டும், எவ்வளவு சாப்பிடுவது என்பதைப் பிள்ளை முடிவு செய்யட்டும். நாம் செய்வது இதற்கு நேரெதிர். என்ன வேண்டும் என்று பிள்ளையைக் கேட்டு நூடுல்ஸ் கிண்டிக் கொடுக்கிறோம். பிறகு தட்டைக் காலி செய்தால்தான் எழுந்திருக்கலாம் என்று மிரட்டுகிறோம். வயிறு நிறைந்ததை உணரும் திறமையோடுதான் குழந்தை பிறக்கிறது. "இன்னும் ஒரு வாய்" என்று திணித்துத் திணித்து அதை நாம்தான் மழுங்கடிக்கிறோம். கைபேசியைக் காட்டி ஊட்டுவதும் அதையேதான் செய்கிறது. வாயில் என்ன போகிறது என்றே தெரியாமல் விழுங்கும் குழந்தைக்குப் போதும் என்பது எப்படித் தெரியும்?

ஒரு புதிய காயை ஒரு குழந்தை ஏற்றுக்கொள்ளப் பத்துத் தடவைக்கு மேலும் ஆகலாம். பாகற்காயை இரண்டு முறை ஒதுக்கினான் என்றதும் "இவனுக்கு அது பிடிக்காது" என்று முத்திரை குத்திவிடாதீர்கள். இரண்டு துண்டு வையுங்கள், வற்புறுத்தாதீர்கள், நீங்கள் ருசித்துச் சாப்பிடுங்கள். "இதைச் சாப்பிட்டால் சாக்லேட்" என்ற பேரம் மட்டும் வேண்டாம். காய் தண்டனை, சாக்லேட் பரிசு என்ற பாடத்தைத்தான் அது சொல்லிக்கொடுக்கும்.

2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கப்பட்ட முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு உப்புமா, கிச்சடி, பொங்கலோடு காய்கறிச் சாம்பார் தருகிறார்கள். வீட்டில் உப்புமா என்றாலே ஓடும் பிள்ளை அங்கே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறது. பக்கத்தில் இருப்பவன் சாப்பிடுவதுதான் காரணம். வீட்டிலும் அப்பாவும் அம்மாவும் அந்தப் பக்கத்து இலைக்காரர்களாக இருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை

பிரியாணியை விட வேண்டாம். தீபாவளிப் பலகாரத்தையும் விட வேண்டாம். ஒரு துண்டு அதிரசத்தைக் குற்றவுணர்வோடு தின்பது உடம்புக்கும் நல்லதல்ல, மனதுக்கும் நல்லதல்ல. பிரியாணியோடு தயிர்ப் பச்சடியைக் கிண்ணம் நிறைய வையுங்கள். வாரத்தின் மற்ற நாட்கள் ஒழுங்காக இருந்தால் இந்த ஒரு வேளை எதையும் கெடுத்துவிடாது.

காயை யார் நறுக்குவது?

உணவுக் கட்டுரைகள் பெரும்பாலும் தொடாமல் விடும் கேள்வி இது. கூடுதல் காய் என்றால் கூடுதல் வேலை. கீரையை ஆய்வதற்கும், வாழைப்பூவில் ஒவ்வொரு பூவாகக் கள்ளனை எடுப்பதற்கும், கொத்தவரங்காயின் நாரை உரிப்பதற்கும் நேரம் வேண்டும். அந்த நேரம் முழுவதும் ஒரு பெண்ணின் தலையில் விழுந்தால் எந்த நல்ல பழக்கமும் ஒரு மாதத்தைத் தாண்டாது. அவள் உருளைக்கிழங்குக்குத் திரும்பிவிடுவாள். அதில் அவளைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

அவளுடைய தட்டையும் பாருங்கள். எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உட்காரும்போது பானையில் சோறு இருக்கும், பொரியல் இருக்காது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 53.4 சதவீதத்தினருக்கு இரத்தசோகை என்று அதே குடும்பநல ஆய்வு சொல்கிறது. இதற்குக் காரணங்கள் பல என்றாலும், மிச்சத்தைச் சாப்பிடும் வழக்கத்துக்கும் அதில் பங்கு உண்டு. கீரைக்கும் பயறுக்கும் மேல் எலுமிச்சையைப் பிழிந்தாலோ நெல்லிக்காயைச் சேர்த்தாலோ இரும்புச்சத்து நன்றாக உடம்பில் சேரும். சாப்பிட்ட கையோடு காபியோ டீயோ குடித்தால் சரியாகச் சேராது. ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்க வேண்டும்.

ஆகவே வீட்டில் இருக்கும் ஆண்களுக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். இன்று இரவு டிவி பார்க்கும்போது ஒரு முறத்தில் கீரையை எடுத்துவைத்துக்கொண்டு ஆயுங்கள், கடலையை நீங்களே ஊறப்போடுங்கள். நாளைச் சாப்பாட்டுக்கு எல்லாப் பாத்திரங்களையும் நடுவில் கொண்டுவந்து வைத்து, சமைத்தவரும் உட்கார்ந்த பிறகு சாப்பிடத் தொடங்குங்கள்.